அந்த வழியில் வெள்ளமில்லை

ஆடி 8, வெள்ளி. ஓமான், ஹைமா, லாட்ஜ் அறை.

காலையிலிருந்தே அனல். எல்லாம் நான் சொன்னபடியேதான் நடக்கிறது. பெட்டி மூடாது என்றேன், மூடவில்லை. மஸ்கட்டிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்றார் செந்தில், எட்டு ஆகும் என்றேன், எட்டரை. அக்கா காரில் ஏறி உட்கார்ந்ததும் பாத்ரூம் என்பாள் என்றேன். ஏறினாள், இறங்கினாள். இந்தப் பாலைவனத்தில் நமக்கு ஒன்று காத்திருக்கிறது என்றும் எங்கள் ஊர் எருத்தேன்பதியிலேயே சொல்லி வைத்தேன். என்ன என்று மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மதிப்பு இருக்காது.

வண்டியில் நாலு பேர். சரஸ்வதி அக்கா, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அவள் மகள் கவிதா, நான் அவளுக்குத் தாய்மாமன். கவிதாவின் வீட்டுக்காரர் செந்தில் (இனி செ.), பொள்ளாச்சிக்காரர், மஸ்கட்டில் ஏசி வேலை. முறைக்கு நான் அவருக்குச் சித்தப்பா. அப்புறம் நான். நான் இல்லாமல் எப்படி.

போவது சலாலா. ஆயிரம் கி.மீ. நடுவில் மணலும் கல்லும் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த மாதம் சலாலாவில் மட்டும் சாரல் அடிக்குமாம். அரபு நாட்டுக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு மழை பார்க்கப் போகிறார்கள். அக்கா கேட்டாள், "மழைய வேடிக்க பாக்கவா இத்தன தூரம் போறோம்?"

"நம்மூர்லயும் மழைய வேடிக்கதானுங்கம்மா பாக்கறோம்," என்றாள் கவிதா. உண்மைதான். பாலக்காடு முழுக்க ஊற்றினாலும் எங்கள் கிழக்குப் பக்கம் தூறிவிட்டுப் போய்விடும்.

வண்டியில் இருப்பது: புளிச்சோறு ஒரு தூக்கு. முறுக்கு. அக்காவின் மாத்திரை டப்பா. தண்ணீர், பெரிய பாட்டில் 6. ஆனைக்கரையில் நானே தோட்டத்துக்குள் போய்ப் பொறுக்கி வாங்கிய ஏலக்காய், கால் கிலோ. (குமுளி கடையில் வாங்கியது. ஆனால் காய் ஆனைக்கரைக் காய்தான்.)

வரும்போது விமானத்தில் பைலட்டே என்னிடம் வந்து, காற்று எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனதை செ.யிடம் சொன்னேன். அக்கா திரும்பாமலே, "பாதி கழிச்சாலும் நிக்கலடா" என்றாள். அது அவள் வழக்கம். நான் எது சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள். கால்சட்டைக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

மத்தியானம் ரோட்டில் கானல். தண்ணீர் கிடப்பது போலவே தெரிகிறது. செ. வியந்தார். எங்கள் தென்னந்தோப்பு வெயிலில் இதைவிடப் பெரிதாகத் தெரியும் என்றேன். அதில் மாடு போய் வாய் வைத்திருக்கிறது என்றும் சொன்னேன்.

ஒட்டகம் 11 பார்த்தேன். 30 என்று சொல்லியிருக்கிறேன்.

ஆடி 9, சனி. காலை. வண்டி ஓடுகிறது, எழுத்து ஆடுகிறது.

பெட்ரோல் பங்கில் செ.க்கு வாட்ஸாப்பில் ஒரு வீடியோ. முன்னால் பெரிய ரோட்டை மழை வெள்ளம் அறுத்துவிட்டதாம், பழுப்புத் தண்ணீரில் ஒரு லாரி மிதக்கிறது. எல்லாருக்கும் முகம் வாடிவிட்டது. பங்கில் நின்றிருந்த ஒரு டிரைவர் குறுக்கு ரோடு ஒன்று சொன்னார். இங்கிருந்து பிரிந்து கடலோர ரோட்டில் போய்ச் சேருமாம். பாதி தார், பாதி சரளை.

அந்தப் பக்கமும் வெள்ளம் இருந்தால்? விசாரிக்க நானே இறங்கினேன். பங்குக்கு அடுத்து ஒரு சின்ன மளிகைக் கடை. கடைக்காரர் மலையாளி. ஒரு பார்வையிலேயே மலப்புறம் என்று கண்டுபிடித்தேன். "ஏனுங்க, அந்த வழியில வெள்ளம் இருக்குங்களா?" என்றேன். தமிழில் கேட்டேன், அவர் மலையாளத்தில் சொன்னார். நமக்கு இரண்டும் ஒன்றுதானே.

"ஆ வழி வெள்ளமில்ல. ஒரு துள்ளி இல்ல." கையை வேறு விரித்துக் காட்டினார்.

துளிகூட இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும். அப்புறம் மனிதர் வியாபாரத்தைத் தொடங்கினார். ஒரு அட்டைப்பெட்டி தண்ணீர் பாட்டிலைத் தூக்கி மேசை மேல் வைத்து, "கொண்டு போய்க்கோ, கொண்டு போய்க்கோ" என்கிறார். வேண்டாம் என்றால் விடவில்லை. பின்னாலேயே வாசல் வரை வந்தார். நான் யார், கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தேங்காய்க்காரர்களையே பேசி மடக்குகிறவன். பிஸ்கட் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"என்னங்க சித்தப்பா சொன்னாரு?"

"வெள்ளமே இல்லையாம் மாப்ள. தைரியமா விடுங்க."

செ. சிரித்தார். அக்கா மட்டும், "பாதி வெள்ளமாவது இருக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். இப்போது சரளை ரோடு. எதிரே ஒரு வண்டியும் இல்லை. நல்ல ராஜபாட்டை.

அதே நாள். உச்சி வெயில்.

வண்டி நின்றுவிட்டது.

கல் தெறித்து அடியில் டப்பென்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, முன்னால் ஆவி. ரேடியேட்டர் குழாய் கிழிசல். என் டிராக்டரில் இப்படி ஆனபோது துண்டைக் கட்டித் தண்ணீர் ஊற்றி ஓட்டி வந்திருக்கிறேன். துண்டைக் கட்டினேன். தண்ணீர் ஊற்றினேன்.

"பொறுங்க சித்தப்பா, அது குடிக்கற தண்ணிங்க."

"போற வழியில வாங்கிக்கலாம் மாப்ள."

நாலு பாட்டில். ஊற்ற ஊற்றக் கீழே இறங்கி மணல் குடித்தது. இஞ்சின் கிளம்பவில்லை. ஏசி இல்லை. மீதி இரண்டு பாட்டில்.

ரோட்டில் யாரும் இல்லை. வண்டி நிழல் ஒரு முழம். அதில் அக்காவை உட்கார வைத்திருக்கிறோம், கதவில் போர்வை கட்டி. யார் போனிலும் சிக்னல் இல்லை.

கவிதா திடீரென்று கேட்டாள், "மாமா, கடையில எப்படிக் கேட்டீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன்.

"வெள்ளம்னே கேட்டீங்களா?"

"வெள்ளத்த வெள்ளம்னு கேக்காம?"

அவள் மலையாளப் பள்ளியில் படித்த பெண். "அவருக்கு வெள்ளம்னா குடிதண்ணி மாமா. அந்த வழியில தண்ணி கெடைக்குமான்னு நீங்க கேட்டதா நெனச்சிருக்கறாரு. கெடைக்காது, ஒரு துளிகூட இல்லன்னு சொல்லியிருக்கறாரு. அதுக்குத்தான் பெட்டியத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கறாரு."

அது எனக்குத் தெரியாத வார்த்தையா. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், பஞ்சாயத்து ஆபீசில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காதில் விழுகிறது. வெள்ளம் வேணோ, வெள்ளம் தா. இரண்டு அர்த்தமும் என் வாயிலேயே இருந்தது. நான் தமிழ் வெள்ளத்தைக் கேட்டேன், அவர் மலையாள வெள்ளத்தைச் சொன்னார்.

செ. காலி பாட்டில்களைப் பொறுக்கி வண்டிக்குள் வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பின்னேரம்? தெரியவில்லை. நாக்கு காய்ந்துவிட்டது. ஒரு பாட்டில் முடிந்தது, பெரும்பகுதி அக்காவுக்கு. இன்னொன்றில் துணியை நனைத்துக் கழுத்தில் போடுகிறாள் கவிதா. அக்காவுக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. அது கெட்டது என்கிறாள். வாய் உலர்ந்திருக்கிறது என்று ஓர் ஏலக்காய் கொடுத்தேன், மென்றுகொண்டே, "மோட்டார் போட்டாச்சா?" என்கிறாள். "கடைசி வயலுக்குத் தண்ணி ஏறிருச்சாடா?"

ஏறிவிட்டது என்றேன்.

"தூங்க விடாதீங்க மாமா," என்கிறாள் கவிதா.

செ. பெரிய ரோட்டுக்கு நடந்தே போய் உதவி கூட்டி வருகிறேன் என்று சட்டையைத் தலையில் கட்டிவிட்டார். இந்த வெயிலில் அத்தனை தூரம் நடந்தால் திரும்பி வர மாட்டார். கவிதா காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவர் கேட்கிற மாதிரி இல்லை.

பக்கத்தில் ஒரு கல் மேடு. என் போனில் கவிதா வாங்கிக் கொடுத்த சிம், மற்றவர்களுடையது வேறு கம்பெனி. ஏறிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாப்ள, நான் இறங்கி வரும் வரை நில்லுங்க என்று சொல்லியிருக்கிறேன்.

ஆடி 10, ஞாயிறு. சலாலா, ஆஸ்பத்திரி வராந்தா.

அக்கா கண் விழித்தாள். கையில் டிரிப்ஸ். டாக்டர் கவிதாவிடம் ஆங்கிலத்தில் பேசினார், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று தொடங்கி நிறுத்திவிட்டாராம். நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

மேட்டில் ஏறினேன். சாதாரண ஏற்றம் அல்ல, கை வைத்த கல்லெல்லாம் சட்டி மாதிரி. (மேடு தென்னை உயரம் இருக்கும் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், ஆள் உயரம் இரண்டு இருக்கலாம்.) உச்சியில் ஒரு கோடு சிக்னல் வந்தது. பிஸ்கட் வாங்கிய பையில் கடை நம்பர் அச்சடித்திருந்தது. அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ரஷீதாணு. பறயூ." ரஷீத்தாம், சொல்லுங்கள் என்கிறார்.

நிலைமையைச் சொன்னேன். சுருக்கமாக, ஒரு மேனேஜர் பேசுகிற மாதிரி. வண்டி நிற்கிறது, அக்கா மயக்கம், குடிக்க வெள்ளமில்லை. இந்த முறை சரியான வெள்ளம்.

"பேடிக்கேண்டா சேட்டா, இப்பத்தன்னெ ஆளெ விடாம்." பயப்பட வேண்டாம், உடனே ஆளை அனுப்புகிறேன் என்கிறார். போனை வைக்கும்போது, சேட்டன் எந்த ஊர், இவ்வளவு சுத்தமான மலையாளம் என்றும் கேட்டார்.

இறங்கி வந்து சொன்னேன். "போன் கெடச்சுது. கடைக்கார ரஷீத் ஆள அனுப்பிட்டாரு. நீங்க நடந்து போனா வர்ற வண்டி உங்களத் தேடுமா, எங்களத் தேடுமா? உக்காருங்க மாப்ள."

செ. என் முகத்தைப் பார்த்தார். தலையில் கட்டிய சட்டையை அவிழ்த்தார். உட்கார்ந்தார்.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். குனிந்து காதில் சொன்னேன், "அக்கா, ஆளு வருது."

"எங்க வருது?"

"பங்கத் தாண்டிருச்சாம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இப்ப?"

"தார் ரோடு முடிஞ்சுதாம். சரளைக்கு வந்தாச்சு."

அந்த வண்டியை நான் கடைசி வரை ஓட்டி வந்தேன். டிரைவர் பச்சைச் சட்டை என்றேன். பெட்டி பெட்டியாகத் தண்ணீர், மேலே ஐஸ் என்றேன். "ஐஸ் எதுக்குடா, சளி புடிக்கும்," என்றாள். அந்த நிலைமையிலும்.

அவள் கேட்பது நிற்கும்போதெல்லாம் கவிதா என்னைப் பார்ப்பாள். நான் உடனே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுவேன்.

சூரியன் சாயும்போது தூசி தெரிந்தது. முதலில் கானல் என்று நினைத்தேன். இல்லை, பிக்கப் வண்டி. பின்னால் தண்ணீர்த் தொட்டி. ஓமான்காரர் ஒருவர், வயதானவர், தலையில் துணி, சட்டை பச்சை இல்லை, வெள்ளை அங்கி. கவிதா ஓடிப்போய் "ரஷீத்? ரஷீத்?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். எதைக் கேட்டாலும் தலையாட்டினார்.

தொட்டித் தண்ணீர் ஒட்டகங்களுக்காம், அதன் வாசனையும் அதில். வீட்டில் அடுத்தவர் டம்ளரைத் தொடாத அக்கா அதைக் குடித்தாள். அவர் வண்டியிலிருந்து ஒரு குப்பியில் மோர் கொண்டுவந்தார், உப்புப் போடாத மோர். அதையும் கொடுத்தோம். அக்காவையும் கவிதாவையும் முன்னால் ஏற்றி, நானும் செ.யும் பின்னால் தொட்டியைப் பிடித்துக்கொண்டோம். தளும்புகிற தண்ணீர் எங்கள் மேல் அடித்துக்கொண்டே வந்தது. யாரும் துடைக்கவில்லை.

செ. பாதி வழியில் சொன்னார், "நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா நான் நடந்திருப்பேனுங்க சித்தப்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாததைக் கண்டு பயந்து, "மேலுக்கு முடியலீங்களா?" என்றார். கடலோர ரோட்டில் ஆம்புலன்ஸ் பிடித்து, ராத்திரியே சலாலா வந்துவிட்டோம்.

வண்டியை மெக்கானிக் இழுத்து வந்துவிட்டாராம். இரண்டு நாள் ஆகும். அந்த வீடியோ போன வருசத்து வீடியோவாம். பெரிய ரோட்டில் ஒரு துளிகூட இல்லையாம். இரண்டு வெள்ளமும்.

ஆடி 12, செவ்வாய். சலாலா.

சாரல். மலை பூராவும் பச்சை. தென்னை, வாழை, ரோட்டோரம் இளநீர்க் கடை. பனிமூட்டம் இறங்கி நிற்பதைப் பார்த்தால், மலையாளக் கர்க்கடக மாதத்து நம் மலையடிவாரம்தான். இளநீர் வெட்டுகிறவனுக்கு வெட்டத் தெரியவில்லை, கத்தியை வாங்கி நானே காட்டிக் கொடுத்தேன். கூட்டம் கூடிவிட்டது. (இரண்டு பேர்.)

அக்கா குடை வேண்டாம் என்று நனைந்து நின்றாள். கவிதா திட்டினாள். "உடு கண்ணு, இதுக்குத்தான வந்தோம்," என்றாள் அக்கா.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். "அந்த ரஷீதுக்கு ஒரு போன் போடு. நானே பேசறேன்."

"நம்பர் அந்தப் பையிலதானக்கா இருந்துது. பை வண்டியோட போயிருச்சு."

"உம்பட போன்ல இருக்குமே."

"சார்ஜ் இல்ல."

"போட்டுக் குடு."

போட்டேன். கம்பியைச் சொருகாமல் போட்டேன். சாயங்காலம் மறுபடியும் கேட்டாள். வெளிநாட்டுப் போன்களில் பழைய நம்பர் தானாக அழிந்துவிடும் என்று விளக்கினேன். செ. ஆச்சரியமாகப் பார்த்தார், அவர் அப்படிக் கேள்விப்பட்டதில்லையாம்.

"அவரு பொண்டாட்டி புள்ளைக எங்க இருக்கறாங்க?" என்கிறாள். மலப்புறத்தில், இரண்டு பெண்கள் என்றேன். எதற்கு இரண்டு என்று தெரியவில்லை, வாயில் வந்தது. மூத்தவள் நர்ஸ் படிக்கிறாள் என்றும் வந்தது. அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் வளையல் வாங்கக் கவிதாவைக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

சாப்பாடு இறங்கவில்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது.

ஆடி 14, வியாழன். சலாலா.

சாரல் விடவில்லை. நாளைக் காலை கிளம்புகிறோம். வண்டி தயார், புதுக் குழாய், தண்ணீர் நாலு பெட்டி.

கடலோர ரோட்டில் போகலாம், காற்று நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். செ. கேட்கவில்லை. "பெரிய ரோட்டுலயே போலாமுங்க சித்தப்பா. அவரப் பாத்து ஒரு வார்த்த சொல்லாம போனா நல்லாருக்காது." அந்தக் கடை ரோட்டோரத்திலேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தாண்ட முடியாது. நாளைச் சாயங்காலத்துக்குள் அங்கே இருப்போம்.

எனக்கு வயிற்றுவலி என்றேன். கவிதா மாத்திரை கொடுத்தாள். அதையும் விழுங்கினேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வளையல் இரண்டு ஜோடி. மிச்சம் இருந்த ஏலக்காய் முழுவதும், தனக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல்.

"ஆனைக்கரை ஏலக்கான்னு நீயே சொல்லிக் குடு. தோட்டத்துல பொறுக்குனதுன்னும் சொல்லு, பாவம், சந்தோசப்படட்டும்."

"செரி."

"ஏன்டா மூஞ்சி இப்படி இருக்குது? ரெண்டு நாளா ஒரு அளப்பும் காணோம்."

"ஒண்ணுமில்லக்கா."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீ பேசப் பழகுனதுல இருந்து பாதிய கழிச்சுப்போட்டுத்தான்டா கேட்டிருக்கறேன். அன்னைக்கு ஒரு நா கழிக்கல. ஆளு வருதுன்னு சொன்னயே, அத அப்படியே முழுசா எடுத்துக்கிட்டேன். பங்கத் தாண்டுச்சு, சரளைக்கு வந்துச்சுன்னு நீ சொல்லச் சொல்ல எனக்கு அந்த வண்டி தெரிஞ்சுது. பச்சைச் சட்டை தெரிஞ்சுது. அது வந்து சேரட்டும்னுதான் கண்ணத் தொறந்து வெச்சிருந்தேன்."

பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அன்று போன் போகவே இல்லை. மேட்டில் ஒரு கோடுகூட இல்லை. பை நம்பரை அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அடித்தேன். அந்த ஓமான்காரர் தன் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர், எங்களைத் தேடி வந்தவரல்ல. கடைக்காரர் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. கீழே செ. சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அக்கா போர்வையை விலக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தேன். தனியாகவே பேசினேன். அவர்களுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக, மலையாளத்தில்.